அரத்துக்குத் தப்பிய மூன்று எழுத்துகள்

எனக்குத் துப்பாக்கி மேல் பிரியமெல்லாம் கிடையாது. அதன் இரும்பில் பொறித்திருக்கும் எழுத்துகள் மேல்தான் பித்து. ஒரு பழைய ராணுவ ரைஃபிளைப் படிப்பதும் கோயில் சுவரில் கல்வெட்டு படிப்பதும் கிட்டத்தட்ட ஒரே வேலை. யார் செய்தது, எந்த ஆண்டு, பிறகு யார் கைப்பற்றியது, யார் திருத்தியது, எல்லாமே அதில் இருக்கும். படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் தாத்தா இறந்த பிறகு பல வீடுகளில் அலமாரியிலிருந்து ஒரு வேட்டைத் துப்பாக்கி வெளியே வரும். பளபளவென்று வால்நட் கட்டை, மேலே தொலைநோக்கி. ஆனால் போல்ட்டை இழுத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது வேட்டைக்காகப் பிறந்த பொருள் இல்லை, ஏதோ ஒரு ராணுவத்தின் சொத்து என்று தெரிந்துவிடும். பேரப்பிள்ளைகள் கேட்பது இரண்டு கேள்விகள். இது எங்கே செஞ்சது? என்ன விலைக்குப் போகும்?

இப்படி மாற்றப்பட்டவற்றை அங்கே 'ஸ்போர்ட்டர்' என்பார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஐரோப்பாவில் மலைமலையாக ரைஃபிள்கள் மிஞ்சின. ஜெர்மானியத் தரைப்படையின் 'கார் 98கே' மட்டுமே ஒரு கோடிக்கும் மேல் செய்யப்பட்டது. நம்ம ஊர் போலீஸ்காரர் தோளில் தொங்கிய 'த்ரீ நாட் த்ரீ' போலவே இதுவும் ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளும் ரகம். ஊர் திரும்பிய சிப்பாய்கள் இதை மூட்டைக்குள் வைத்துக் கொண்டுபோனார்கள். மூட்டைக்குள் அடங்கவில்லை என்று கட்டையை இரண்டாக அறுத்தவர்களும் உண்டு. வளையத்துக்கு அடியில் மறைந்திருக்கும் அந்த அறுப்பைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடிப் பார்க்கிறார்கள். போர்முனையிலிருந்து நேராக வந்தது என்பதற்கு அது ஒரு தடயம்.

மீதி தபாலில் வந்தது. எவ்வளவு மலிவு என்றால், 1963-இல் கென்னடியைக் கொன்றதாக விசாரணைக் குழு முடிவுசெய்த இத்தாலிய ராணுவ ரைஃபிள், தொலைநோக்கியோடு சேர்த்து 19.95 டாலர். 1968 சட்டம் வந்துதான் அந்தத் தபால் வியாபாரம் நின்றது. அதுவரை, புதிய வேட்டைத் துப்பாக்கி வாங்க வசதியில்லாத ஆள் ஒரு மவுசரை வாங்கி, கட்டையைக் குறைத்து, குழலை மாற்றி, ரிசீவரில் துளை போட்டுத் தொலைநோக்கி மாட்டி, கடைசியாக மேலே இருந்த முத்திரைகளை அரத்தால் ராவி மெருகேற்றிவிடுவார். கழுகும் ஸ்வஸ்திகாவும் போட்ட பொருளோடு மான் வேட்டைக்குப் போக யாருக்கு மனசு வரும்? அவர் செய்ததில் தப்பில்லை. ஆனால் குடமுழுக்குக்காக மணல் பீய்ச்சித் தேய்த்த கோயில் சுவரைப் பார்த்தவர்களுக்கு அந்த மெருகு ஞாபகம் வரும்.

சரி, எப்படிப் படிப்பது? முதலில் ரிசீவரின் தலைப்பகுதி. அங்கே தொழிற்சாலையின் பெயர் இருக்காது. வெர்சாய் உடன்படிக்கையை மீறி ஆயுதம் செய்வதை மறைக்கத்தான் ஜெர்மனி சங்கேதத்துக்குப் போனது. 'எஸ்/42' என்றால் ஓபர்ன்டார்ஃபில் இருந்த மவுசர் ஆலை. கூடவே 'ஜி' இருந்தால் ஆண்டு 1935. பிறகு எழுத்துச் சங்கேதம் வந்தது. 'பிஒய்எஃப்' அதே மவுசர், 'பிஎன்இசட்' ஆஸ்திரியாவின் ஸ்டையர். இடப்பக்கம் 'மாட். 98' என்ற வரி. அடுத்து வரிசை எண். ரிசீவர், குழல், போல்ட் எல்லாவற்றிலும் ஒரே எண் என்றால் விலை ஏறும். சின்னத் திருகில்கூடக் கடைசி இரண்டு இலக்கங்கள் இருக்கும்.

பிறகு, அது கைமாறிய கதை. போல்ட்டு ஒரு எண், கட்டை வேறொரு எண், ரிசீவரில் ஒரு பெருக்கல் குறி என்றால் பெரும்பாலும் சோவியத் படை பிடித்துப்போய்ப் பழுதுபார்த்தது. நார்வே தன் ராணுவத்துக்காகக் குழலை அமெரிக்கக் குண்டுக்கு ஏற்ப மாற்றியது. எனக்கு எப்போதும் திகைப்பு தருவது இஸ்ரேல் வைத்திருந்தவை. நாஜி முத்திரை இருந்த அதே ரைஃபிள், அதே இரும்பு, மேலே தாவீதின் நட்சத்திரம்.

எல்லாவற்றையும் ராவிவிட்டாலும் கட்டையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். மரத்துக்குள் மறைந்திருந்த அடிப்பக்க எண்களை மெருகேற்றியவர் பெரும்பாலும் தொட்டிருக்க மாட்டார்.

இப்படிப் பார்க்கும்போது என்னை நிறுத்திய சங்கேதம் 'பிசிடி'. வைமார் நகரின் குஸ்ட்லோஃப் ஆலை. சுல் நகரத்தில் சிம்சன் என்ற யூதக் குடும்பத்தின் ஆயுத ஆலையை நாஜிகள் பறித்ததிலிருந்து வளர்ந்த நிறுவனம் அது. அதன் தலைமையில் இருந்த ஃபிரிட்ஸ் சவுக்கெல்தான் பின்னாளில் லட்சக்கணக்கான மக்களை ஐரோப்பா முழுவதிலுமிருந்து கட்டாய வேலைக்கு இழுத்துவந்தவர். 1946-இல் நியூரம்பெர்கில் தூக்கிலிடப்பட்டார். இந்த நிறுவனம் 1943-இல் ஊருக்கு வெளியே புகென்வால்ட் வதைமுகாமை ஒட்டியே இரண்டாவது ஆலையை ஓட்டியது. வேலை செய்தவர்கள் கைதிகள். தங்களைக் காவல் காப்பவனின் துப்பாக்கியைத் தாங்களே செய்ய வேண்டும். அவர்கள் வேண்டுமென்றே வேலையைக் கெடுத்தார்கள், பாகங்களைக் கடத்தினார்கள், முகாமுக்குள்ளேயே ஆயுதம் சேர்த்து ஒளித்துவைத்தார்கள்.

1944 ஆகஸ்ட் 24 அன்று அமெரிக்க விமானங்கள் அந்த ஆலையைத் தாக்கின. ஆலையோடு சேர்ந்து கைதிகளும் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். முகாமுக்குள் கைதிகள் 'கதேயின் ஓக்' என்று அழைத்த மரமும் அன்றுதான் எரிந்தது. கதே வாழ்ந்த வைமார் அங்கிருந்து நடந்து போகும் தூரம்.

பிசிடி போட்ட எல்லா ரைஃபிளும் கைதிகள் செய்தது என்று சொல்ல முடியாது. ஆனால் 1943, 1944 என்று ஆண்டு இருந்தால் அந்தக் கைகள் பட்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இனி விலைக்கு வருவோம். கட்டை வெட்டி, துளை போட்ட மவுசருக்கு, மாற்றாத மவுசரின் விலையில் சிறு பங்குதான் கிடைக்கும். துளையை அடைத்தாலும் போன மதிப்பு திரும்பாது. நியூயார்க்கின் கிரிஃபின் அண்ட் ஹௌ போன்ற பேர்போன பட்டறையின் முத்திரை இருந்தால் கதை வேறு, அப்போது வேலைப்பாடுதான் விலை. சந்தை இதைத் துல்லியமாகக் கணக்கிடும்.

அந்தக் கணக்கில் எனக்குக் குறையாகப் படுவது ஒன்று. ராவிய ரிசீவரை வைத்துக்கொண்டு "மதிப்பில்லை" என்று சொல்லும்போது, தொலைந்தது டாலர் மட்டும்தானா? புகென்வால்டில் அதைச் செய்தவர் தன் பெயரை அதில் போட முடியாது. அவர் அங்கே இருந்தார் என்பதற்கு அந்த இரும்பில் மிஞ்சியது எஜமானின் மூன்று எழுத்தும் ஓர் ஆண்டும்தான். ஆகவே அலமாரியிலிருந்து துப்பாக்கியை எடுக்கும் பேரப்பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: விற்பதாக இருந்தாலும் விற்றுக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் கட்டையைக் கழற்றி, ஒவ்வொரு முத்திரையையும் படமெடுத்து வையுங்கள். மறுபடி மெருகேற்றுகிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள்.