பீட்டர் வியர் படங்களும் கொஞ்சம் சரித்திரக் கணக்கும்

ஆஸ்திரேலியா என்றால் நம்மவர்களுக்கு கிரிக்கெட்தான். பீட்டர் வியர் என்று சொன்னால் எங்கள் கிளையில் ஒருவருக்கும் தெரியாது. 'ட்ரூமன் ஷோ' எடுத்தவர் என்றால், "அட, அவரா!" என்பார்கள். 1944-ல் சிட்னியில் பிறந்தவர். மர்மம், போர், காதல், பள்ளிக்கூடம், கப்பல் என்று எதையும் விட்டுவைக்காத மனிதர்.

நான் பி.காம்.தான், சரித்திரம் படித்தவனில்லை. ஆனால் வவுச்சரையும் லெட்ஜரையும் ஒத்துப் பார்த்தே இருபது வருஷம் ஓடிவிட்டது. சரித்திரப் படம் பார்த்தால் எது நடந்தது, எது சேர்த்தது என்று டிக் போடாமல் தூக்கம் வராது.

அவர் படங்களில் எனக்கு முதலிடம் 'கல்லிப்போலி' (1981). மெல் கிப்சன் அப்போது சின்னப் பையன். 1915 ஆகஸ்ட் 7 விடியற்காலை, துருக்கியில் 'நெக்' என்ற குறுகலான மேட்டில் ஆஸ்திரேலியக் குதிரைப்படையினர் குதிரையில்லாமல் ஓடித் தாக்கினார்கள். பீரங்கிச் சூடு ஏழு நிமிஷம் முன்னாலேயே நின்றுவிட்டது. கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை என்கிறார்கள். அந்த ஏழு நிமிஷத்தில் துருக்கியர்கள் பழைய இடத்துக்கு வந்து துப்பாக்கியைத் தயார் செய்துவிட்டார்கள். முதல் வரிசை விழுந்ததைக் கண்ணால் பார்த்தபிறகும் அடுத்தடுத்த வரிசைகளை அனுப்பினார்கள். 230-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள்.

இதுவரை படமும் சரித்திரமும் ஒத்துப்போகிறது. இனிமேல்தான் இடிக்கிறது. சுவ்லா கடற்கரையில் பிரிட்டிஷ்காரன் டீ குடிக்க, அவனுக்காக ஆஸ்திரேலியப் பையன்கள் செத்தார்கள் என்று படம் நினைக்க வைக்கும். உண்மையில் அந்தத் தாக்குதல் சுனுக் பைர் மலைக்கு ஏறிக்கொண்டிருந்த நியூசிலாந்துக்காரர்களுக்கு உதவியாகத்தான். நிறுத்தாதே என்று அடம்பிடித்த ஆன்ட்டில் என்ற அதிகாரியும் ஆஸ்திரேலியர்தான். படத்தில் அந்த அதிகாரி பேசுகிற தோரணையைக் கேட்டு, இவன் லண்டன்காரன் என்று பலரும் நினைத்துவிட்டார்கள்.

யார் பணம் போட்டது என்று பார்ப்பது என் தொழில் புத்தி. ராபர்ட் ஸ்டிக்வுட்டும் ரூபர்ட் மர்டாக்கும்! ரூபர்ட்டின் அப்பா கீத் மர்டாக் 1915-ல் கல்லிப்போலிக்குப் போய், பிரிட்டிஷ் தளபதிகளைக் கிழித்து ஆஸ்திரேலியப் பிரதமருக்குக் கடிதம் எழுதிய பத்திரிகையாளர். அதற்காகப் படம் பொய் என்று சொல்லமாட்டேன். செத்தவர்கள் கணக்கு சரிதான், யார் தலையில் பற்று எழுதுவது என்பதில்தான் தகராறு. (அதே போரில் நம் சீக்கியர்களும் கூர்க்காக்களும் கோவேறு கழுதைப் படையினரும் இருந்தார்கள். அதை யாராவது படமாக எடுத்தால் தேவலை.)

'மாஸ்டர் அண்ட் கமாண்டர்' (2003) விஷயமும் இப்படித்தான். நாவலில் 1812, எதிரி அமெரிக்கக் கப்பல். படத்தில் 1805, எதிரி பிரெஞ்சுக் கப்பல். அமெரிக்காவில் டிக்கெட் விற்கவேண்டாமா?

'விட்னஸ்' (1985) நல்ல படம். 'டெட் போயட்ஸ் சொசைட்டி' (1989), பையனை எந்த குரூப்பில் சேர்ப்பது என்று வீட்டில் சண்டை போடும் எல்லோரும் பார்க்கவேண்டியது. எனக்கு முடிவு கொஞ்சம் சினிமாத்தனம். 'பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்' (1975) பொறுமை உள்ளவர்களுக்கு. காணாமல் போன பெண்கள் என்ன ஆனார்கள் என்று கடைசிவரை சொல்லமாட்டார்.

இத்தனைக்கும் ஆறு முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டு ஒன்றும் கிடைக்கவில்லை. 2022-ல் கௌரவ ஆஸ்கர் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள்.

கடைசிப் படம் 'தி வே பேக்' (2010). சைபீரியச் சிறை முகாமிலிருந்து தப்பி, கோபி பாலைவனமும் இமயமும் தாண்டி இந்தியாவுக்கு நடந்தே வரும் கதை. மூலம், ராவிச் என்ற போலந்துக்காரர் தன் அனுபவம் என்று 1956-ல் வெளியிட்ட புத்தகம். 2006-ல் பிபிசி ஆவணங்களைத் தோண்டியபோது, அவர் 1942-ல் பொதுமன்னிப்பில் விடுதலையானவர் என்று தெரிந்தது. வியருக்கும் இது தெரியும். தெரிந்துதான் எடுத்தார்.

முதலில் எதைப் பார்ப்பது என்றால் 'கல்லிப்போலி'. குழந்தைகளோடு என்றால் 'ட்ரூமன் ஷோ'.