கடற்பறவைகளுக்குக் கமிட்டி இல்லை

ராணுவத் தளங்கள் காட்டுயிர்களுக்குப் புகலிடம் என்று சூழலியலாளர்களில் சிலர் சொல்கிறார்கள். வேலிக்குள் வேட்டைக்காரன் நுழைய மாட்டான், ரிசார்ட் வராது, எனவே ஆமை பிழைக்கும். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் வேலி போடுவதற்கு முன்னால் உள்ளே யார் இருந்தார்கள் என்ற கேள்வியை இந்தச் சொல்லாடல் சாமர்த்தியமாகத் தாண்டிப் போய்விடுகிறது. இந்தியப் பெருங்கடலின் நடுவில் இருக்கும் டியேகோ கார்சியாவை முன்வைத்து இதைப் பேச விரும்புகிறேன்.

1965இல் மொரீஷியஸிடமிருந்து சாகோஸ் தீவுகளையும் செஷெல்ஸிடமிருந்து அல்டாப்ரா உள்ளிட்ட மூன்று தீவுகளையும் பிய்த்தெடுத்து பிரிட்டன் ஒரு புதிய காலனியை உருவாக்கியது. காலனிகளெல்லாம் விடுதலையாகிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு புதுக் காலனி! நோக்கம் ராணுவத் தளம். அல்டாப்ராவில் விமானத்தளம் வரப்போகிறது என்றதும் ராயல் சொசைட்டி எதிர்த்தது. டேவிட் ஸ்டோடார்ட் போன்ற விஞ்ஞானிகள் எழுதினார்கள். நாடாளுமன்றத்தில் டாம் டேலியல் கேள்விமேல் கேள்வி கேட்டார். காரணம், அங்கே வாழ்ந்த ராட்சத நில ஆமைகள். 1967 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. பவுண்டின் மதிப்பு குறைக்கப்பட்டதும் அதே மாதம்தான் என்பதால் ஆமைகளே ஜெயித்தன என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அவற்றுக்காகப் பேச ஆள் இருந்தது.

டியேகோ கார்சியாவில் இருந்தவர்கள் மனிதர்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தென்னந்தோப்புகளுக்காக அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள், மலகாசிகள், பின்னால் வந்த இந்தியக் கூலிகள் ஆகியோரின் வம்சாவளி. அவர்களுக்கென்று ஒரு கிறியோல் மொழி, சர்ச், கல்லறைகள் எல்லாம் இருந்தன. அமெரிக்காவுக்குத் தேவைப்பட்டதோ ஆளில்லாத் தீவு. 1966 ஆகஸ்டில் பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகத்தின் உயரதிகாரி பால் கோர்-பூத் எழுதிய குறிப்பு பின்னாளில் வெளியானது. கடற்பறவைகளைத் தவிர அங்கே பூர்வகுடி எவரும் இருக்கக் கூடாது, பறவைகளுக்குத்தான் இன்னும் கமிட்டி கிடையாதே என்று அதில் ஒரு நக்கல். அதற்குக் கீழே கிரீன்ஹில் என்ற அதிகாரி, பறவைகளோடு சில டார்ஜன்களும் மேன் ஃபிரைடேகளும் சேர்ந்து வருகிறார்களே என்று வருத்தப்பட்டார். மேன் ஃபிரைடே என்பவன் ராபின்சன் குரூசோவின் வேலைக்காரன். ஒரு ஜனத்தை அவர்கள் எந்த நாவலுக்குள் வைத்துப் பார்த்தார்கள் என்பது இந்த ஒரு பெயரிலேயே இருக்கிறது.

1968 தொடங்கி, மொரீஷியஸுக்கு வைத்தியத்துக்கும் உறவினரைப் பார்க்கவும் போனவர்கள் திரும்பிவர முடியவில்லை. 1971இல் டியேகோ கார்சியா காலி செய்யப்பட்டது, 1973க்குள் மற்ற தீவுகளும். மக்களை ஏற்றுவதற்கு முன்னால் அவர்கள் வளர்த்த நாய்களைப் பிடித்து, கொப்பரை உலர்த்தும் கூடத்தில் அடைத்து, வாகனப் புகை செலுத்திக் கொன்றார்கள். உத்தரவிட்டவர் ஆணையர் புரூஸ் கிரேட்பாட்ச். அடுத்த முறை நீங்கள்தான் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் தீவு ‘இயற்கை’ ஆனது. தென்னை நண்டைப் பிடிப்பது குற்றம். செங்கால் பூபிப் பறவைகள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன. தோட்டக் காலத்தில் ஓட்டுக்காகவும் இறைச்சிக்காகவும் கொல்லப்பட்ட கடலாமைகள் இன்று பெருகியிருக்கின்றன. 2001இல் தீவு ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது, ராணுவம் கட்டிய பகுதியை மட்டும் நாசூக்காக விட்டுவிட்டு. அந்தப் பகுதியின் ஓடுபாதை பவளப்பாறையை வெடித்தெடுத்துப் போட்டது. காயலில் கப்பல்கள் பல பத்தாண்டுகளாகக் கழிவுநீர் விட்ட சங்கதி 2014இல்தான் வெளியே வந்தது. கைவிடப்பட்ட தென்னைகளை வெட்டி நாட்டு மரங்களை நடும் வேலையும் நடந்திருக்கிறது. பறவைகள் கூடு கட்டுவதற்கு நாட்டு மரம் தேவை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தென்னைகள் அடிமைகள் நட்டவை. அவர்கள் அங்கே வாழ்ந்ததற்குக் கண்ணுக்குத் தெரியும் பெரிய சாட்சி அவைதான்.

2010 ஏப்ரலில் டேவிட் மிலிபேண்ட் சாகோஸ் கடலைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார். பெரிய சூழல் அமைப்புகள் கொண்டாடின. டியேகோ கார்சியாவும் அதைச் சுற்றிய மூன்று கடல்மைலும் விலக்கு! அந்த டிசம்பரில் விக்கிலீக்ஸ் வழியே ஒரு தூதரகத் தந்தி வெளியானது. இந்தப் பாதுகாப்பு வந்தால் தீவுவாசிகள் திரும்பிவரக் கோருவது மிகக் கடினமாகிவிடும் என்று 2009இலேயே பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அமெரிக்கர்களிடம் சொல்லியிருந்தார். மேன் ஃபிரைடேகள் அதிலும் வருகிறார்கள். நாற்பத்து மூன்று வருஷத்துக்குப் பிறகும் அதே பெயர், இம்முறை பச்சை மையில். இந்த அறிவிப்பு மொரீஷியஸின் உரிமைகளை மீறியது என்று 2015இல் நடுவர் மன்றமும், சாகோஸைப் பிரித்ததே சட்டவிரோதம் என்று 2019இல் சர்வதேச நீதிமன்றமும் சொல்லின.

நம்மவர்களும் அந்த வேலிக்குள் போய்ச் சேர்ந்தார்கள். 2021 அக்டோபரில் நடுக்கடலில் தத்தளித்த படகிலிருந்து மீட்கப்பட்ட ஈழத்தமிழ் அகதிகளை அங்கே கூடாரங்களில், எலிகளுக்கு நடுவே, மூன்று வருஷத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். பறவை முட்டைகளைத் தின்கிறது என்பதற்காகச் சாகோஸின் சிறு தீவுகளில் ஒழிக்கப்பட்டுவரும் அதே எலிதான். அது சட்டவிரோதக் காவல் என்று 2024 டிசம்பரில் தீர்ப்பானது. 2025 மே மாதம் பிரிட்டனும் மொரீஷியஸும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் மற்றத் தீவுகளில் மக்களைக் குடியேற்ற மொரீஷியஸுக்கு இடம் தருகிறது. டியேகோ கார்சியாவில் மட்டும் 99 ஆண்டுகளுக்குத் தளம்தான்.