மனத்தடை இறங்கி வந்த பாதை: எலெக்ட்ரானிக் சிட்டி, 1978 முதல் இன்று வரை

மனத்தடையைத் தனிமனிதரின் குறையாகப் பார்க்கும் வழக்கம் இன்று வேரூன்றிவிட்டது. 'என்னால் முடியாது' என்று ஒருவர் நினைக்கிறார், அந்த நினைப்பைக் கண்டுகொண்டு மாற்றிவிட்டால் முன்னேறிவிடுவார் என்றே பயிற்சி வகுப்புகளும் சுயமுன்னேற்ற நூல்களும் சொல்கின்றன. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது, எதைக் கண்டபின் கரைந்தது என்று தேடிப்போனால் வேறு சில உண்மைகளும் தட்டுப்படுகின்றன. அப்படித் தேடுவதற்குப் பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டி நல்ல களம். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குள் 'இது நம்மால் ஆகாது' என்ற எண்ணம் இங்கே நாட்டின் மீதிருந்து நிறுவனத்தின் மீதும், அங்கிருந்து ஊழியரின் தலைக்குள்ளும் இறங்கி வந்திருக்கிறது. அந்தப் பாதையைத் தொடர முயல்கிறது இக்கட்டுரை.

332 ஏக்கர் நிலமும் ஒரு தரைநிலையமும்

கர்நாடக அரசின் மின்னணு வளர்ச்சிக் கழகமான கியோனிக்ஸ் 1976இல் தொடங்கப்பட்டது. பெங்களூரில் அப்போது தொழில் என்றால் எச்ஏஎல், ஐடிஐ, எச்எம்டி, பிஇஎல் ஆகிய பொதுத்துறை ஆலைகள்தாம். அவற்றில் தலைமுறையாக வேலைபார்த்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அந்தச் சூழலில் கியோனிக்ஸின் முதல் தலைவர் ஆர்.கே. பாலிகா, கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் கிராமங்களின் 332 ஏக்கரில் மின்னணுத் தொழிலுக்கென்றே ஒரு நகரம் எழ வேண்டும் என்றார். பெங்களூர் இந்தியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்காகும் என்பது அவர் கண்ட கனவு. 1978இல் எலெக்ட்ரானிக் சிட்டி உருவானது.

கனவு முன்கூட்டியே வந்துவிட்டது. அதைத் தாங்கும் ஏற்பாடுகள் வரவில்லை. 1981இல் புனேயில் ஏழு பொறியாளர்கள் 10,000 ரூபாய் முதலில் தொடங்கிய இன்ஃபோசிஸ், 1983இல் பெங்களூருக்கு வந்தது. கணினி ஒன்றை இறக்குமதி செய்யும் உரிமத்துக்காக டெல்லிக்குப் பலமுறை அலைய வேண்டியிருந்ததையும், தொலைபேசி இணைப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்ததையும் அதன் நிறுவனர் நாராயண மூர்த்தி பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு 'இந்தியாவில் இருந்துகொண்டு உலகச் சந்தைக்கு மென்பொருள் எழுத முடியாது' என்று ஒருவர் நினைத்திருந்தால் அதை மனக்கோளாறு என்று சொல்ல முடியுமா? இருந்த நிலையைச் சரியாகப் படித்தவரின் கணக்கு அது.

அந்தக் கணக்கு படிப்படியாகவே மாறியது. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசின் கணினிக் கொள்கை இறக்குமதியைத் தளர்த்தியது. 1985இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரில் காலூன்றி, செயற்கைக்கோள் இணைப்பு வழியே அமெரிக்காவுக்கு வேலையை அனுப்பிக்காட்டியது. பெரிய திருப்பம் 1991இல் வந்தது. அந்த ஆண்டு அமைந்த இந்திய மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா, எலெக்ட்ரானிக் சிட்டியில் செயற்கைக்கோள் தரைநிலையம் அமைத்தது. அங்கிருந்து நகரத்தின் நிறுவனங்களுக்கு நுண்ணலைக் கோபுரங்கள் வழியாக இணைப்பு போனது. கம்பி இழுக்க யாரிடமும் காத்துக்கிடக்க வேண்டாம். மொட்டைமாடியில் ஓர் ஆன்டெனா இருந்தால் போதும். சொந்தமாகச் செயற்கைக்கோள் இணைப்பு வாங்க வசதியில்லாத சின்ன நிறுவனமும் வெளிநாட்டு வாடிக்கையாளரின் கணினியில் நேரடியாக வேலைசெய்யலாம் என்றானது. 1994இல் இன்ஃபோசிஸ் தன் வளாகத்தை எலெக்ட்ரானிக் சிட்டிக்கு மாற்றியது. 1999 மார்ச்சில் நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்ட முதல் இந்திய நிறுவனம் அதுதான்.

பாலிகாவின் நம்பிக்கை இல்லாவிட்டால் அந்த நிலம் கிடைத்திருக்காது. தரைநிலையம் வராதிருந்தால் அந்த நம்பிக்கை நிலத்தோடு நின்றிருக்கும். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்கிற வெற்றிக்கதைகள் எனக்கு நெருடலாகவே இருக்கின்றன.

மனத்தைப் படித்தவர்கள்

இதற்கு முன்பிருந்தே உளவியலும் தன் போக்கில் ஒரு திருப்பத்தைக் கண்டுவந்தது. நிகழ்வு மட்டுமே மனிதரை வருத்துவதில்லை, அதைப் பற்றி அவர் கொண்டுள்ள நம்பிக்கையும் சேர்ந்தே வருத்துகிறது என்ற கருத்தில் ஆல்பர்ட் எல்லிஸ் 1955இல் ஒரு சிகிச்சை முறையைத் தொடங்கினார். ஃபிலடெல்ஃபியாவில் மனச்சோர்வு நோயாளிகளை ஆராய்ந்த ஆரோன் பெக், அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இன்னொரு எண்ண ஓட்டம் தானாக ஓடுவதைக் கவனித்தார். 'நான் இவரைச் சலிப்படையச் செய்கிறேன்' என்பதைப் போன்ற, நொடியில் வந்து மறையும் எண்ணங்கள் அவை. அவற்றைக் கருதுகோள்களாக எடுத்துக்கொண்டு ஆதாரத்தோடு உரசிப்பார்ப்பதே அவர் 1960களில் வகுத்த சிகிச்சையின் உயிர்நாடி.

ஆல்பர்ட் பந்தூரா 1977இல் இன்னொரு கேள்வியை எழுப்பினார். 'என்னால் செய்ய முடியும்' என்ற நம்பிக்கை எதனால் உண்டாகிறது? அவர் சொன்ன நான்கு ஊற்றுகளில் வலுவானது, தானே செய்து வென்ற அனுபவம். தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது அடுத்தது. பிறர் தரும் ஊக்கச் சொற்களுக்கு அந்த அளவு வலு இல்லை. உடலின் படபடப்பும் தளர்வும்கூட அந்த நம்பிக்கையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். எலெக்ட்ரானிக் சிட்டி உருவான அதே 1978இல் பாலின் கிளான்ஸும் சுசான் ஐம்ஸும், சாதித்த பெண்கள் பலர் 'இந்த இடத்துக்கு நான் தகுதியில்லை, ஒருநாள் குட்டு உடைந்துவிடும்' என்று அஞ்சுவதைப் பதிவுசெய்தார்கள்.

தமிழில் இந்தச் சிந்தனைக்கு வேறொரு மரபு இருந்தது. அப்துற் றஹீமின் 'வாழ்க்கையில் வெற்றி' பல வீடுகளின் அலமாரியில் இருந்த நூல். அமெரிக்காவில் வாழ்ந்து திரும்பிய எம்.எஸ். உதயமூர்த்தி, 'எண்ணங்கள்' நூலின் மூலம் ஒரு தலைமுறையையே பாதித்தார். 1988இல் வந்த கே. பாலசந்தரின் 'உன்னால் முடியும் தம்பி' படத்தின் நாயகனுக்கு உதயமூர்த்தி என்றே பெயர். இதில் நான் முக்கியமாகக் கருதுவது, உதயமூர்த்தி தனிமனித எண்ணத்தோடு நின்றுவிடாமல் மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கி ஊர்ப்பிரச்சினைக்கும் ஆற்றுநீருக்கும் போனது. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி, மனவளக்கலையில் 'அகத்தாய்வு' என்ற படிநிலையை வைத்தார். எண்ணத்தை ஆராய்வது, ஆசையைச் சீரமைப்பது, சினத்தைத் தவிர்ப்பது, கவலையை ஒழிப்பது என்று அது போகிறது. ஒரு எண்ணம் எழுந்ததும் அதன் வேரைத் தேடு என்ற அவருடைய பயிற்சிக்கும் பெக்கின் முறைக்கும் நோக்கம் வேறு என்றாலும் தொடக்கப்புள்ளி ஒன்றுதான்.

பெங்களூரில் இந்த அறிவு வெகு அருகிலேயே இருந்தது. 1954இல் தொடங்கி 1974இல் மனநல மருத்துவமனையோடு இணைந்த நிமான்ஸ் என்ற மனநல ஆய்வு நிறுவனம், எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் அதே ஓசூர் சாலையில்தான் இருக்கிறது. ஆனால் மென்பொருள் வளாகங்களுக்குள் மனத்தடை பற்றிய பேச்சு நுழைந்தது மருத்துவத்தின் வாசல் வழியாக அல்ல. பயிற்சித் துறையின் வழியாக.

கற்கும் திறனும் 25 விழுக்காடும்

கணினி படித்தவர்களை மட்டும் எடுத்தால் ஆள் போதாது என்ற நிலை 1990களில் வந்தது. இன்ஃபோசிஸ் ஆளெடுக்கும்போது, எந்தப் பிரிவு படித்தவர் என்பதைவிடப் புதியதைக் கற்கும் திறன் உள்ளவரா என்று பார்த்தது. சிவில், மெக்கானிக்கல் படித்தவர்கள் சில மாதப் பயிற்சிக்குப் பின் நிரல் எழுதினார்கள். 'எனக்குக் கம்ப்யூட்டர் வராது' என்ற எண்ணம் ஆயிரக்கணக்கானோரிடம் உடைந்தது இப்படித்தான். சம்பளத்தோடு கூடிய பயிற்சி, அருகில் அமர்ந்து அதையே கற்கும் இன்னொரு மெக்கானிக்கல்காரர், வாரந்தோறும் ஓடிக்காட்டும் நிரல் என்று பந்தூரா சொன்ன ஊற்றுகளில் வலுவானவை ஒரே அறையில் இருந்தன.

2005இல் வந்த நாஸ்காம்-மெக்கின்சி அறிக்கை வேறொரு முத்திரையைக் குத்தியது. இந்தியப் பொறியியல் பட்டதாரிகளில் சுமார் 25 விழுக்காட்டினரே பன்னாட்டு வேலைக்கு ஏற்றவர்கள் என்றது அது. கல்லூரிகளின் தரத்தைப் பற்றிப் பேசிய அந்த எண், கல்லூரி விடுதிகளில் மாணவரின் தரத்தைப் பற்றிய தீர்ப்பாகவே ஒலித்தது. ஆங்கிலம், உடல்மொழி, தன்னம்பிக்கை ஆகியவற்றைக் கற்றுத்தரும் பயிற்சிகள் பெருகின.

பெங்களூரின் தேசிய உயராய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கேரல் உபாத்யாவும் ஏ.ஆர். வாசவியும் இந்தப் பயிற்சி அறைகளை நேரில் ஆராய்ந்து 2006இல் அறிக்கை தந்தார்கள். ஊழியர்களில் பெரும்பாலோர் நகர்ப்புற, படித்த நடுத்தர வர்க்கத்தினர், முற்பட்ட சாதியினர் என்பது அவர்கள் கண்ட ஒன்று. வாடிக்கையாளரிடம் 'முடியாது' என்று சொல்லத் தயங்குவதையும் மேலதிகாரி முன் வாய்திறக்காமல் இருப்பதையும் இந்தியப் பண்பாட்டின் குறையாகக் கருதி, ஊழியரைத் திருத்தி வார்ப்பதே பல வகுப்புகளின் போக்காக இருந்தது. காலக்கெடுவைப் போட்டவர் யார், கேள்வி கேட்டவருக்கு ஆண்டு மதிப்பீட்டில் என்ன நேர்ந்தது என்பவை அங்கே பேசுபொருளாகவில்லை. மனத்தடை ஊழியரின் தலைக்குள் முழுமையாகக் குடியேறியது இந்தக் கட்டத்தில்தான்.

ஒரு தாள், ஆறு கட்டங்கள்

நிலைமை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். தருமபுரி மாவட்டத்தில் தமிழ்வழியில் பள்ளிப்படிப்பு, வீட்டின் முதல் பட்டதாரி, எலெக்ட்ரானிக் சிட்டியில் மூன்றாவது ஆண்டு வேலை: இப்படி ஒரு பெண். இரவு எட்டரை மணிக்கு வெளிநாட்டு வாடிக்கையாளரோடு இணையவழி அழைப்பு. பழுது எங்கே என்று அவளுக்குத் தெரியும். மைக்கை மட்டும் அவள் ஆன் செய்யவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் அதையே பத்து நிமிடம் கழித்துச் சொல்கிறார்.

பெக்கின் வழிவந்த உளவியலாளர் அவளிடம் ஒரு தாளைத் தந்து கோடு போடச் சொல்வார். முதல் கட்டத்தில் நிகழ்வு. இரண்டாவதில் அந்த நொடியில் வந்த எண்ணம்: 'என் இங்கிலீஷைக் கேட்டுச் சிரிப்பார்கள்.' மூன்றாவதில் உணர்ச்சியும் அதன் அளவும்: பயம், நூற்றுக்கு 80. நான்காவதில் அந்த எண்ணத்துக்கு ஆதாரம்: கல்லூரி முதலாண்டில் வகுப்பே சிரித்தது. ஐந்தாவதில் எதிர் ஆதாரம்: போன மாதம் அவள் எழுதிய மின்னஞ்சலுக்கு வாடிக்கையாளர் நன்றி சொல்லியிருந்தார், ஜெர்மானியச் சகாவின் ஆங்கிலமும் தடுமாறத்தான் செய்கிறது. ஆறாவதில் இரண்டையும் வைத்து எழுதும் புதிய வாசகம். அதோடு விடமாட்டார். அடுத்த அழைப்பில் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும், என்ன நடக்கும் என்று முன்பே எழுதிவைக்க வேண்டும், நடந்ததை அதன் பக்கத்தில் எழுத வேண்டும் என்பார்.

எழுதும்போதே எண்ணம் தன்னிடமிருந்து விலகி, ஆராயத்தக்க பொருளாகிவிடுகிறது. இந்த முறையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் நான்காவது கட்டத்தைக் கூர்ந்து பாருங்கள். வகுப்பு உண்மையிலேயே சிரித்தது. அது அவளுடைய கற்பனை இல்லை.

யார் தீர்ப்புச் சொல்கிறார்கள்?

இந்த இடத்தில் உதவும் ஆய்வு, உலக வங்கியைச் சார்ந்து கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் உத்தரப்பிரதேசக் கிராமப்புறத்தில் நடத்தியது. ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களில் உயர்சாதியினர் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதியினர் 321 பேர். காகிதத்தில் வரைந்த சுற்றுவழிப் புதிர்களை அவிழ்க்க வேண்டும், அவிழ்த்ததற்குப் பணம். சாதியைச் சொல்லாமல் விட்டபோது இரு சாராரும் ஏறக்குறைய ஒரேமாதிரி அவிழ்த்தார்கள். எல்லோர் முன்னிலையிலும் பெயரையும் சாதியையும் அறிவித்தபோது ஒடுக்கப்பட்ட சிறுவர்கள் பின்தங்கினார்கள். பரிசை மனிதரின் கையில் விடாமல் குலுக்கலுக்கு விட்டபோது அந்த இடைவெளி மறைந்தது. திறமையில் நம்பிக்கை இழந்ததால் மட்டுமே அவர்கள் தளரவில்லை. தங்களை நியாயமாக மதிப்பிடமாட்டார்கள் என்று எதிர்பார்த்ததால் தளர்ந்தார்கள் என்று ஆய்வாளர்கள் 2004இல் எழுதினார்கள்.

மனத்தடை பற்றிய விவாதத்தில் இதை முதல் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். திறமை வளரக்கூடியது என்ற மனப்பாங்கைப் பற்றிக் கேரல் டுவெக் 2006இல் எழுதிய நூல் உலகெங்கும் பரவியது. அதைச் சோதித்து டேவிட் யேகரும் சகாக்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்காவின் ஒன்பதாம் வகுப்பு மாணவர் சுமார் 12,000 பேர் இடம்பெற்றனர். மதிப்பெண்ணில் பின்தங்கியவர்களுக்குச் சிறிய அளவில் முன்னேற்றம் கிட்டியது. கடினமானதை முயல்வதைச் சக மாணவர்கள் மதிக்கும் பள்ளிகளில்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது.

தமிழ்நாடு இந்த வரலாற்றுக்குத் தன் பங்கைச் சேர்த்திருக்கிறது. 2007 முதல் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 'இன்ஜினியரிங் எல்லாம் நமக்கு எட்டாது' என்ற எண்ணம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட வீடுகளில் தளர்ந்ததற்கு எந்த ஊக்கப் பேச்சையும்விட இவற்றுக்குப் பங்கு அதிகம் என்பேன். 2022 மார்ச் 1இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் மொழித்திறனையும் தொழில்திறனையும் கல்லூரிக்குள்ளேயே கொண்டுவர முனைகிறது. ஓசூரைத் தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டியில் வந்து இறங்கும் இளைஞர்களில் பலர் இந்த ஏற்பாடுகளின் வழியே வந்தவர்கள்.

இப்போது வளாகங்களில் கேட்கும் புதிய வாசகம், 'இந்த வயதுக்கு மேல் ஏஐ எல்லாம் நம்மால் கற்க முடியாது' என்பது. நாற்பதை நெருங்கும், வீட்டுக்கடன் பாக்கி வைத்திருக்கும் ஊழியர் இதைச் சொல்லும்போது அதில் இரண்டு கூற்றுகள் கலந்திருக்கின்றன. ஒன்று, தன் கற்கும் திறனைப் பற்றியது. முன்பு ஒரு கணினி மொழியிலிருந்து இன்னொன்றுக்கு மாறிய அவருடைய சொந்த அனுபவமே அதை மறுக்கும். மற்றொன்று, கற்று முடித்தாலும் தன்னை வைத்துக்கொள்வார்களா என்பது. முதல் கூற்றை அவர் ஒரு தாளில் கட்டம் போட்டு ஆராயலாம். இரண்டாவதற்கான ஆதாரம் அவர் மனத்தில் இல்லை. பயிற்சிக்கு வேலைநேரத்தில் எத்தனை மணி ஒதுக்கினார்கள், பயிற்சி முடித்த மூத்தவர்களில் எத்தனை பேருக்குப் புதிய பொறுப்பு கிடைத்தது என்ற நிறுவனப் பதிவேடுகளில் அது இருக்கிறது. இனி நடக்கும் ஆய்வுகள் திறந்து பார்க்க வேண்டியது அந்தப் பதிவேடுகளைத்தான்.