தேயிலைப் படத்தில் ஒலித்த குரல்



சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெருடா, 1929ஆம் ஆண்டில் தமது நாட்டின் கொன்சலாகக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தைக் கடற்கரையோரத்து வீடொன்றில் வாழ்ந்தார். தனித்திருந்த அவ்வீட்டிற்கு வாரந்தோறும் ஒருவர் சைக்கிளில் ஒரு மூட்டைப் புத்தகம் கொண்டுவருவார். அனுப்பி வைத்தவர் லயனல் வென்ட். வேற்று நாட்டுக் கலைஞரை இவ்வாறு ஆதரித்த அவர், சில ஆண்டுகளின் பின்னர் மற்றோர் அயல்நாட்டவருடன் சேர்ந்து ஆற்றிய பணியைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

வென்ட் 1900ஆம் ஆண்டில் கொழும்பிலே பிறந்தார். தந்தையார் பறங்கியர், தாயார் சிங்களவர். இலண்டன் மாநகரிலே சட்டமும் பியானோ இசையும் பயின்று 1924இல் நாடு திரும்பியவர், சட்டத்தொழிலை விரைவிலே துறந்தார். இசைக்கு ஆசிரியர்கள் இருந்தனர். நிழற்படக் கலைக்கோ எவருமிலர். கமராவையும் இருட்டறையையும் தாமாகவே பழகி, அக்கலையில் முதல்வராய் விளங்கினார்.

1934ஆம் ஆண்டின் தொடக்கத்திலே பசில் ரைட் என்னும் 26 வயது ஆங்கிலேயர் இலங்கைக்கு வந்தார். பிரித்தானிய அஞ்சல் திணைக்களத்தின் திரைப்படப் பிரிவைச் சேர்ந்தவர் அவர். இலங்கைத் தேயிலைப் பிரசார சபை வேண்டியவை நான்கு சிறு பயணப் படங்களே. அவை ஈற்றிலே 'சோங் ஒவ் சிலோன்' என்னும் ஒரே படமாக உருப்பெற்றன. வென்ட் இங்கே ரைட்டுக்கு வழிகாட்டியாயும் ஆலோசகராயும் துணைநின்றார். படம் ஒலியின்றியே எடுக்கப்பட்டது. ஒலி முழுவதும் இலண்டனிலே சேர்க்கப்பட்டது. அதன்பொருட்டு வென்ட்டும் அங்கே சென்றார். கண்டிய மேளக் கலைஞரும் சென்றனர்.

படத்தின் விவரணமாக ரைட் தெரிந்துகொண்டது, கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த இராபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலின் உரைநடை. அதனை வாசித்தவர் வென்ட். சிவனொளிபாதமலை ஏறும் அடியாரையும், நடனம் பயிலும் சிறுவரையும் நாம் காணும்போது செவியில் விழுவது ஓர் இலங்கையரின் அமைதியான குரல். விளம்பரத்துக்காகத் தொடங்கிய படம் ஒரு நாட்டின் சித்திரமாக மாறியதற்கு, ரைட்டின் படத்தொகுப்புத் திறன் ஒரு காரணமாயின், வென்ட்டின் அறிவும் குரலும் மற்றொரு காரணமாகும். 1935இல் பிரசல்ஸ் திரைப்பட விழாவிலே அப்படம் முதற் பரிசு பெற்றது.

ஆயினும், நேயர்களே, தமிழராகிய நாம் அப்படத்தின் மூன்றாம் பகுதியைச் சற்றே கூர்ந்து கேட்டல் வேண்டும். 'வணிகத்தின் குரல்கள்' என்பது அதன் தலைப்பு. சந்தை விலைகளும் வியாபாரக் கடிதங்களும் ஒலிக்க, திரையிலே உழைப்போர் கடந்து செல்கின்றனர். உழைப்புக்கும் இலாபத்துக்கும் இடையேயுள்ள தூரத்தை உணர்த்தும் அரிய உத்தி இது. ஆனால் தேயிலையைக் கொய்த மலைநாட்டுத் தமிழ் மக்களின் கதையை அவர்தம் வாய்மொழியாக அங்கே நாம் கேட்கவில்லை. படம் வெளிவந்து 14 ஆண்டுகளின் பின், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. கைகள் மட்டும் காணப்பட்டு, குரல் கேட்கப்படாத மக்களின் நிலை எத்தகையது என்பதை வரலாறு இவ்வாறு காட்டிற்று.

இக்குறையால் அக்கூட்டு முயற்சியின் பெருமை குன்றிவிடாது. 1943இல் ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தெரணியகல, மஞ்சுசிறி தேரர் முதலிய ஓவியர் ஒன்றுகூடி '43 குழு'வை அமைத்தபோது, அதன் மூலபுருடராய் நின்றவர் வென்ட். அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். கறுவாத் தோட்டத்திலே அவர் வாழ்ந்த இல்லம் இருந்த இடத்தில் 1953இல் திறக்கப்பட்ட லயனல் வென்ட் அரங்கிலே இன்றும் நாடகங்கள் நடைபெறுகின்றன.

இரு நாட்டவர் கூடி ஒரு கலைப்படைப்பை ஆக்கும்போது, கருவி எவருடையது என்பதனோடு, பேசும் குரல் எவருடையது என்பதையும் நாம் வினவுதல் வேண்டும். வென்ட் தமது குரலைத் தந்தார். அவரால் தர இயலாத குரல்களைத் தேடிப் பதிவுசெய்யும் கடன் பின்வந்தோராகிய நம்மைச் சார்ந்தது.