கச்சேரிக்குள் கருவாடு கூடாது

மரக்காணம் பக்கத்துக்கு அரசாங்கம் வந்ததே உப்புக்காகத்தான். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் பஸ்ஸும் அதற்குப் பிறகு வந்தவை. 1805-இல் கும்பினியார் சென்னை ராஜதானி முழுக்க உப்பைத் தங்கள் ஏகபோகமாக ஆக்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து அளத்துக்காரன் விளைவித்த உப்பை அவன் இஷ்டத்துக்கு விற்க முடியாது. சர்க்கார் சொல்லும் விலைக்குக் கொடுக்க வேண்டும். அது கொட்டார் என்னும் சேமிப்பு முற்றத்தில் அம்பாரமாகக் கிடக்கும். சர்க்கார் வைத்த விலைக்கு வியாபாரி வாங்கிப் போவான். இதற்குக் கணக்கு எழுத ஒருவர், அளக்க ஒருவர், காவலுக்குச் சேவகர்கள் என்று ஒரு கச்சேரியே அளத்து ஓரத்தில் முளைத்தது. கணக்கெல்லாம் கடைசியில் சேப்பாக்கத்து ரெவின்யூ போர்டுக்குப் போகும்.

இந்தக் கதையில் எனக்கு இரண்டு பக்கமும் சொந்தம். அம்மா உப்பு சுமந்தவள். நான் வருவாய்த் துறையில் தட்டச்சராகச் சேர்ந்து உதவியாளராக ஓய்வு பெற்றவள். சோற்று நேரத்தில் அளம் எப்படி இருக்கும், ஆபீஸ் எப்படி இருக்கும் என்று இரண்டையும் பார்த்தவள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அளத்தில் மதியச் சாப்பாடு மதியத்தில் கிடையாது. வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும் என்பதால் விடியாத இருட்டிலேயே ஆட்கள் இறங்கிவிடுவார்கள். ஆண்கள் பலகை போட்டுப் பாத்தியிலிருந்து உப்பை வாரி வரப்பில் ஒதுக்குவார்கள். பெண்கள் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவார்கள். பத்து மணிதான் அம்மாவுக்குச் சாப்பாட்டு நேரம். தூக்குச் சட்டியில் கேழ்வரகுக் கூழ் அல்லது பழைய சோறு, தொட்டுக்கொள்ள சுட்ட கருவாடு, இல்லையென்றால் வெங்காயம். உட்கார நிழல் கிடையாது. உப்புப் படிந்த நிலத்தில் மரம் எங்கே முளைக்கும்? கீற்று போட்டு மூடி வைத்த அம்பாரத்தின் ஓரத்தில் கொஞ்சம் நிழல் விழும், அங்கே வரிசையாகக் குந்துவார்கள். நல்ல தண்ணீர் வீட்டிலிருந்து குடத்தில் வந்தது மட்டும்தான். குடிப்பதற்கே அது போதாது, கை கழுவ எங்கே? அதனால் அம்மா கூழில் உப்பே போட மாட்டாள். "கையை விட்டுக் கரைச்சா தானா ஏறிக்கும்டி" என்பாள்.

அந்தக் கை உப்பே ஒரு காலத்தில் குற்றம். 1889-இல் வந்த சென்னை உப்புச் சட்டப்படி தீர்வை கட்டாத உப்பும், ஏன், உப்பு பூத்த மண்ணும்கூடத் திருட்டுச் சரக்குதான். வேலை முடிந்து கரையேறும்போது மடியைத் தட்டிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்று பாட்டி சொல்வாள். அவள் கதையில் சேவகர்களுக்குப் பெயர் கிடையாது, எல்லோருமே "சால்ட் பியூன்"தான். அவர்களில் ஒருவன் கச்சேரித் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிடும்போது குழம்பில் உப்பு குறைந்தால் அம்பாரத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டுக்கொள்வானாம். அதைச் சொல்லும்போது பாட்டிக்குக் கோபம் வராது, சிரிப்புதான் வரும். எனக்குக் கோபம் வந்தது.

சோற்றுக்கும் உப்புச் சட்டத்துக்கும் நேரடியாகவே மோதல் நடந்தது தெற்கே, 1930-இல். ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜி உப்புச் சட்டத்தை மீறி உப்பு அள்ளத் தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குக் கிளம்பினார். தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் ஒரு யோசனை செய்தார்: தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று அறிவித்தார். தடியடியைவிடப் பட்டினி மலிவு என்று நினைத்திருக்க வேண்டும். ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். கொடுத்தவர் யார் என்று எந்த போலீஸ்காரன் கண்டுபிடிப்பான்! 28-ஆம் தேதி படை வேதாரண்யம் போய்ச் சேர்ந்தது, மாத முடிவில் உப்பு அள்ளியது. அந்த ஊர்க்காரர் வேதரத்தினம் பிள்ளை பட்ட பாட்டையும் ராஜாஜி சிறை போனதையும் பள்ளிப் பாடத்தில் படிக்கிறோம். அந்தப் பொட்டலம் கட்டியவர்களில் எத்தனை பேர் பெண்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இந்தக் கரைக்கு வழிப்போக்கனுக்குச் சோறு போடும் பழக்கம் புதிதல்ல. சிறுபாணாற்றுப்படையில் ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைத் தேடிப் போகும் பாணனுக்கு எயிற்பட்டினத்துப் பரதவர்கள் தேறலும் சுட்ட குழல் மீனும் கொடுப்பார்கள் என்று நத்தத்தனார் பாடியிருக்கிறார். அந்த எயிற்பட்டினம் நம்முடைய மரக்காணம்தான் என்பது ஆய்வாளர்கள் பலருடைய முடிவு. பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பேட்டில் வரும் சோபட்மா துறைமுகமும் இதுவே என்பார்கள். பூமீஸ்வரர் கோயில் சுவரில் சோழர் கல்வெட்டுகளை இன்றும் பார்க்கலாம். பட்டினத்தில் சுட்ட மீனைப் பாட்டிலேயே வைத்த ஊர் இது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியும் இங்கேதான். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்குச் சோறு என்று ஆட்களை இறக்கி வெட்டிய பகுதிகள் அதில் உண்டு. அப்போதைய கவர்னர் பெயரையே வைத்தார்கள். உப்பும் விறகும் படகில் சென்னைக்குப் போயின. அறுபதுகளின் நடுவில் அடித்த புயல்களுக்குப் பிறகு படகுப் போக்குவரத்து தேய்ந்து நின்றது.

சுதந்திரம் வந்த வருஷமே உப்பு வரி போயிற்று. அடுத்த வருஷம், 1948-இல், தொழிற்சாலைச் சட்டம் வந்தது. என் ஆபீஸ் வாழ்க்கையில் நான் தட்டிய பிரிவுகளில் மனப்பாடமாக நிற்பவை அதன் 46-உம் 47-உம். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் வைக்க அரசு உத்தரவிடலாம் என்றது முதலாவது. 150 பேருக்கு மேல் இருந்தால், கொண்டுவந்த சோற்றை உட்கார்ந்து சாப்பிட ஓர் அறையும் குடிநீரும் வேண்டும் என்றது அடுத்தது. திறந்தவெளி அளம் தொழிற்சாலை ஆகுமா என்று பம்பாய்ப் பக்கத்து உப்பள முதலாளி ஒருவர் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். கூரையும் சுவரும் இல்லாத 250 ஏக்கர் வெட்டவெளியைத் தொழிற்சாலை என்று எப்படிச் சொல்வது என்பது அவர் வாதம். 1961-இல் தீர்ப்பு வந்தது: கடல் நீரை உப்பாக்குவது உற்பத்தி வேலைதான், கூரை இல்லாவிட்டாலும் அந்த இடம் தொழிற்சாலைதான்.

தீர்ப்பு நல்ல தீர்ப்பு. ஆனால் அம்மாவுக்கு நிழல் வரவில்லை. காரணம் கணக்கில் இருக்கிறது. மரக்காணத்தில் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் அளம் உண்டு. சீசனில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் இறங்குகிறார்கள். ஆனால் நிலம் துண்டு துண்டாகக் குத்தகையில் இருக்கிறது. ஒரு குத்தகைக்காரரிடம் பத்துப் பேர், இன்னொருவரிடம் இருபது பேர். 150-ஐ யார் தொடப் போகிறார்கள்? ஒரே காற்று, ஒரே வெயில், பக்கத்துப் பக்கத்து வரப்பு. சட்டத்தின் கண்ணில் மட்டும் தனித்தனிச் சிறு கூட்டங்கள். 1953-இல் உப்பு மீது ஒரு செஸ் போட்டார்கள், பிற்காலக் கணக்கில் நாற்பது கிலோவுக்குப் பதினாலு பைசா. தொழிலாளர் நலமும் அதன் நோக்கங்களில் ஒன்று. பிறகு அதுவும் எடுக்கப்பட்டுவிட்டது.

இனி ஆபீஸ் பக்கம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இது தென்னாற்காடு மாவட்டம். 1993-இல் விழுப்புரம் தனியாகப் பிரிந்தது. நான் வேலை பார்த்த ஆபீஸ் எதிலும் கேன்டீன் என்று ஒன்று இருந்ததில்லை. அதிகாரிக்கு அறையிலேயே டிபன் கேரியர் வரும். ஆண்கள் மேஜை மேலே கோப்புகளை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவார்கள், அல்லது எதிர்த்த மெஸ்ஸுக்கு அளவு சாப்பாட்டுக்குப் போவார்கள். பெண்களுக்கு ரெக்கார்டு ரூம். அடங்கலும் ஏ ரிஜிஸ்டருமாக நிலப் பதிவேடுகள் சிவப்புத் துணியில் மூட்டையாகக் கிடக்க, நடுவே பழைய செய்தித்தாளை விரித்து உட்காருவோம். தக்காளி சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம். பங்கு போட்டுக்கொள்வோம், ஆபீஸ் வாழ்க்கையில் எனக்குப் பிடித்த அரை மணி அதுதான்.

ஒருநாள் நான் கருவாட்டுத் தொக்கு கொண்டுபோனேன். மறுநாள் மேலே இருந்து வாய்மொழி உத்தரவு: நாற்றம் வருகிறது, பதிவேடுகள் இருக்கும் அறையில் இதெல்லாம் கூடாது. எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஆபீஸ் என்பதைச் சொன்னால் போதும். எலி மூத்திர வாடை அடித்த அறை அது. அதைப் பற்றி யாரும் உத்தரவு போட்டதில்லை.

அந்த உத்தரவின் தாத்தாவை எனக்குத் தெரியும். இந்தப் பக்கத்து ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்களுக்கு ஓரிடம், மற்றவர்களுக்கு ஓரிடம் என்று பலகை தொங்கியது. பெரியாரும் நீதிக் கட்சியும் விடாமல் போராடி 1941-இல்தான் அது இறங்கியது. பலகை போன பிறகு வேலையை மூக்கு எடுத்துக்கொண்டது. யார் சமையல் வாசனை, யார் சமையல் நாற்றம் என்று அது முடிவு செய்யும். பாட்டில் வந்த சுட்ட மீனைச் சொன்னேனே, அதே மீன்தான் இது, வெயிலில் காய்ந்தது.

ஆபீஸில் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டது, கிராமக் கணக்குகளை வருஷத்துக்கு ஒருமுறை சரிபார்க்கும் ஜமாபந்தி நாட்களில் மட்டும். கணக்குப்பிள்ளை, கிராம முன்சீப் காலத்திலிருந்து வரும் பழக்கம். 1980-இல் எம்.ஜி.ஆர். அந்தப் பரம்பரைப் பதவிகளை ஒழித்துப் பிறகு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். விருந்து மட்டும் ஒழியவில்லை. பந்தல் போட்டு இலை விரியும், வடை பாயசம் வரும். செலவு எந்தத் தலைப்பில் எழுதப்படும் என்று கேட்காமல் இருப்பதே நாகரிகம். மனுவோடு வந்தவர்கள் பந்தலுக்கு வெளியே வெயிலில் நிற்பார்கள்.

டெல்லி சர்க்கார் ஆபீஸ்களில் கதை வேறு. அங்கே கேன்டீன்களும் டிபன் ரூம்களும் வெகு நாளாக உண்டு. அவற்றில் வேலை செய்தவர்கள் வழக்காடி, 1991 அக்டோபர் 1 முதல் மத்திய அரசு ஊழியர்களாகவே கருதப்படும் உரிமையைப் பெற்றார்கள். தட்டு கழுவுகிறவருக்கும் பென்ஷன் என்று கேட்டபோது ரெக்கார்டு ரூமில் நாங்கள் கை தட்டினோம். அளத்தில் இறங்கும் பெண்ணுக்கு அப்படி வழக்காட யார் இருக்கிறார்கள் என்று அன்றைக்கே நினைத்தேன்.

இப்போது மரக்காணம் தனி வட்டம், தாலுகா ஆபீஸ் உள்ளூரிலேயே இருக்கிறது. மழைக்காலத்தில் அளம் மூழ்கி வேலை நிற்கும் மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் உதவித்தொகையை 2022-இல் மாநில அரசு தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் கலவை சாதம் விற்கும் தள்ளுவண்டியில் ஒரு பொட்டலம் வாங்கும் காசை யோசித்து, வீட்டிலிருந்து தூக்கு கொண்டுவந்து மர நிழலில் உட்காரும் பெண்களை எந்த அரசு ஆபீஸ் வாசலிலும் இன்னும் பார்க்கிறேன்.

2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு கேன்டீனுக்கு 100 பேர், சாப்பாட்டு அறைக்கு 50 பேர் என்று எண்ணிக்கையை இறக்கியிருக்கிறது. பத்துப் பேர் இருக்கும் குத்தகைத் துண்டுக்கு அதுவும் எட்டாது. ஆகவே ஆட்சியில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தலையை எண்ணும்போது குத்தகைக்காரர் வாரியாக எண்ணாதீர்கள், அளம் முழுவதையும் ஒரே தொழிற்சாலையாக எண்ணுங்கள். நிலத்தில் ஒரு பகுதிக்கு அரசாங்கமே சொந்தக்காரராக இருக்கும்போது இதற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. அரை கிலோமீட்டருக்கு ஒரு கொட்டகை, அதில் உட்காரத் திண்ணை, குடிக்கவும் கை கழுவவும் நல்ல தண்ணீர், பெண்களுக்கு ஒரு கழிப்பறை. அடுத்த தை மாதம் பாத்தி கட்டுவதற்குள் முடிகிற வேலை இது.