சந்தாதாரரின் சுதந்திரம்

"சந்தா" என்ற சொல் பாரசீகத்தில் பிறந்து, இந்துஸ்தானி வழியாகத் தமிழ் நாட்டுக்கு வந்து, குடும்பம் குட்டியோடு இங்கேயே தங்கிவிட்டது. சந்தாதாரர், ஆயுள் சந்தா, சந்தா பாக்கி என்று அதற்கு வாரிசுகள் பலர். இவர்களில் கடைசிப் பிள்ளை பத்திரிகாசிரியர்களைப் படுத்திய பாட்டை நான் சொல்ல வேண்டியதில்லை.

பத்திரிகைச் சந்தாவை வளர்த்த பெருமை தபாலாபீஸுக்கே உரியது. 1877-ல் வி.பி.பி. வந்தது, 1880-ல் மணியார்டர் வேலையைத் தபாலாபீஸ் ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு, சென்னையில் அச்சாகும் பத்திரிகைக்கு எங்கள் ஓமலூர்க்காரர் பணம் கட்டுவது சாத்தியமான காரியமாயிற்று.

எங்கள் பக்கத்திலிருந்தே ஒரு பத்திரிகை புறப்பட்டதும் உண்டு. ராஜாஜி 1925-ல் திருச்செங்கோட்டுக்கு அருகே காந்தி ஆசிரமத்தை நிறுவினார். 1929-ல் அங்கிருந்து மதுவிலக்குக்காக "விமோசனம்" என்ற பத்திரிகையை நடத்தினார். அதில் அவருக்குத் துணையாக உழைத்தவர் கல்கி. 1937-ல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானதும், மதுவிலக்கு முதன்முதலில் அமலான ஜில்லா சேலம்தான். பத்திரிகையால்தான் சட்டம் வந்தது என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் கள்ளுக்கடையை மூடச் சொல்லும் பத்திரிகையை ஒருவர் கேட்டு வாங்கிப் படித்தார் என்றால், அது அவராக விரும்பிச் செய்த தேர்வு அல்லவா? எதைப் படிப்பது என்று அவரே தீர்மானித்தார். சந்தாவின் உயிர் இந்தத் தீர்மானத்தில் இருக்கிறது.

இனி நம் காலத்துக்கு வருவோம். இணையத்தில் இலட்சக்கணக்கான தளங்கள் தோன்றியபோது ஒரு சங்கடமும் கூடவே தோன்றியது. எந்தத் தளத்தில் இன்று புதிதாக எழுதியிருக்கிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? தினமும் ஒவ்வொரு வாசலாகப் போய் எட்டிப் பார்ப்பதா?

இதற்கு 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் கம்பெனியில் ஒரு வழி கண்டார்கள். கண்டவர்களில் ஒருவர் டான் லிப்பி. மற்றவர் நம் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ராமநாதன் குஹா. அவர்கள் உண்டாக்கிய ஏற்பாட்டுக்கு ஆர்.எஸ்.எஸ். என்று பெயர். நேயர்கள் நாகபுரியை நினைக்க வேண்டாம்; இது வேறு! தமிழில் இதைச் செய்தியோடை என்கிறார்கள்.

ஏற்பாடு மிகவும் எளியது. தளத்துக்காரர் தம் புதிய கட்டுரைகளின் தலைப்பு, தேதி, முகவரி ஆகியவற்றை ஒரு சிறு பட்டியலாக எழுதி வாசலில் தொங்கவிடுகிறார். நம்முடைய கணினியில் உள்ள வாசிப்பான், நாம் குறித்துக் கொடுத்த வாசல்களுக்கெல்லாம் அடிக்கடி போய்ப் பட்டியலைப் பார்த்து, புதியவற்றை மட்டும் கொண்டு வருகிறது. இங்கே தபால்காரர் நம் வீடு தேடி வருவதில்லை; நாம்தான் ஆள் அனுப்புகிறோம். ஆகையால் நம் பெயரையும் விலாசத்தையும் யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. சந்தாவை நிறுத்தவும் கடிதம் எழுத வேண்டாம். ஒரு வரியை அடித்துவிட்டால் போதும்.

இத்தனை எளிய பொருளுக்கும் சண்டை வந்தது. அந்த மூன்றெழுத்துக்கு மூன்று விதமான விரிவு சொன்னார்கள். டேவ் வைனர் ஒரு பக்கம் நின்றார். 2000-ல் எதிர் வழியை வகுத்தவர்களில் ஆரன் சுவார்ட்ஸ் என்ற பதினான்கு வயதுப் பையனும் இருந்தான். சண்டையில் சலித்தவர்கள் "ஆட்டம்" என்ற வேறொரு முறையை 2005-ல் கொண்டு வந்தார்கள்.

தமிழர்களுக்கு இதனால் விளைந்த நன்மை பெரிது. 2004-ல் தொடங்கிய "தமிழ்மணம்" என்ற திரட்டி, எங்கெங்கோ இருந்து எழுதிய தமிழர்களின் ஓடைகளை ஒரே பக்கத்தில் சேர்த்தது. டொராண்டோவில் எழுதியதும் கோயமுத்தூரில் எழுதியதும் அடுத்தடுத்து நின்றன. பத்திரிகைக் காரியாலயத்தின் படியேறாதவர்களுக்கும் அங்கே வாசகர்கள் கிடைத்தார்கள்.

பிறகு நடந்தது வருத்தமான கதை. பலர் தங்கள் ஓடைகளையெல்லாம் கூகிள் ரீடர் என்ற ஒரே வாசிப்பானில் ஒப்படைத்திருந்தார்கள். 2005-ல் வந்த அதை, 2013 ஜூலை 1-ந் தேதி கம்பெனி மூடிவிட்டது. இதற்கிடையே, 2006-ல், ஃபேஸ்புக் "நியூஸ் ஃபீட்" என்று ஒன்றை ஆரம்பித்திருந்தது. ஓடை என்ற பெயர் மட்டும் அதில் மிஞ்சியது. எது மேலே வர வேண்டும், எது நம் கண்ணில் படவே கூடாது என்று கம்பெனியின் இயந்திரம் தீர்மானிக்கிறது. சந்தா கட்டியவருக்கு அவர் கேட்ட பத்திரிகையைக் கொடுக்காமல், "இதைத்தான் நீர் ரசிப்பீர்" என்று வேறொன்றைத் திணிக்கும் தபால்காரரை ஓமலூரில் ஒரு நாளாவது பொறுத்திருப்போமா?

ஆனாலும் ஓடை வற்றிப் போகவில்லை. எங்கள் சரபங்கா நதியைப் போல, கண்ணுக்குத் தெரியாத காலத்திலும் மணலுக்கடியில் ஈரம் இருக்கிறது. பாட்காஸ்ட் என்று கேட்கிறோமே, அவை இன்றும் ஆர்.எஸ்.எஸ். வழியாகத்தான் வருகின்றன. வேர்ட்பிரஸில் அமைத்த தளங்கள் தாமாகவே ஓடையை வெளியிடுகின்றன. இலவச வாசிப்பான்களும் பல உள்ளன. உங்களுக்குப் பிடித்த பத்து எழுத்தாளர்களை இன்றே குறித்து வையுங்கள். அவர்கள் எழுதினால் வரும். எழுதாத நாளில் ஒன்றும் வராது. அந்த நாளில் நிம்மதியாக ஒரு நாவல் படிக்கலாம்.