பணமுடிப்பும் பாதிரியாரும்

பொள்ளிலூர் வெளியில் ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் படையை மைசூர்க்காரர்கள் வளைத்துக்கொண்ட இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். 1780 செப்டம்பர் 10. மைசூர் ராக்கெட்டுகள் சீற வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பு, இந்தப் போரே வராமல் தடுக்கவென்று ஒரு மனிதர் ஸ்ரீரங்கப்பட்டணம் போய் ஹைதர் அலியின் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டிப் பீரங்கிக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. பெய்லி கொஞ்சம் காத்திருக்கட்டும்.

அவர் கிறிஸ்டியன் ஃபிரெட்ரிக் சுவார்ட்ஸ். தஞ்சாவூர்க் கிறிஸ்தவர்களுக்கு இன்றும் சுவார்ட்ஸ் ஐயர். ஜெர்மன்காரர். 1726-ல் பிரஷ்யாவின் சொன்னன்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1750-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். கிளம்புவதற்கு முன்பே, சென்னையிலிருந்து திரும்பியிருந்த மிஷனரி சூல்ட்சேயிடம் ஹாலே நகரில் தமிழ் படித்துவிட்டார். அப்புறம் ஊருக்குத் திரும்பவே இல்லை. கல்யாணமும் இல்லை.

ஹாலேயில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இந்தியாவுக்குப் போகிறாயா என்று கேள்வி வந்ததும், தகப்பனாரின் சம்மதம் கேட்க வீட்டுக்குப் போனார். மூத்த பிள்ளை. குடும்பத்தைத் தாங்கவேண்டியவன். அப்பா விடமாட்டார் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். அப்பாவோ இரண்டு மூன்று நாள் அவகாசம் கேட்டு மாடி அறைக்குப் போய்விட்டார். சொன்ன நாளில் இறங்கி வந்தவர், போய் வா என்று ஆசீர்வதித்தார். மகன் தன் சொத்துப் பங்கை உடன்பிறந்தவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு ஹாலேக்குத் திரும்பினார். சில நாள்கூட ஆகவில்லை, அங்கேயே நல்ல வருமானத்தில் ஒரு குருமார் பதவி தேடி வந்தது. அதுவும் ஊழியம்தான், அதுவும் கடவுள் வேலைதான். சொந்த பாஷை, சொந்த ஜனம், அப்பா கூப்பிடு தூரத்தில். வேண்டாம் என்றுவிட்டார். முதலில் கொடுத்த வாக்கு இருக்கிறதே!

கஷ்டப்பட்டு ஒரு முடிவெடுத்த மறுவாரமே அதைக் கலைக்கிற மாதிரி ஒரு நல்ல வாய்ப்பு வந்து நிற்பது நமக்கும் பழக்கம்தான். வந்த நேரத்தைப் பார்த்தே ‘இதுதான் கடவுள் காட்டும் வழி’ என்று தாவுகிறவர்கள் உண்டு. இந்த இருபத்துச் சொச்சம் வயதுப் பையன் தாவவில்லை.

திருச்சிராப்பள்ளியில் இருந்த காலத்தில் இவருக்குச் சம்பளம் மாதம் பத்து வராகன். ஆங்கிலேயத் தளபதி ஒரு பழைய கட்டடத்தில் அறை கொடுத்திருந்தார். கட்டில் போட்டால் ஆள் நிற்க இடம் இருக்கும், அவ்வளவுதான். அதிலும் நிமிர்ந்து நிற்க முடியாது. சோறும் காய்கறியும் நம் ஊர்ப் பக்குவத்தில். அங்கி, கறுப்புச் சாயம் தோய்த்த மலிவான பருத்தித் துணி. இதையெல்லாம் நேரில் பார்த்து எழுதிவைத்தவர் வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர். அதே ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கும்பினி உத்தியோகஸ்தர்கள் ஆற்காட்டு நவாப் வாலாஜாவுக்குக் கடன் கொடுத்து வட்டியில் மாளிகை கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

1779-ல் சென்னை கவர்னர் சர் தாமஸ் ரம்போல்டு இவரைக் கூப்பிட்டனுப்பினார். ‘அந்தக் கிறிஸ்தவரை அனுப்புங்கள், அவர் என்னை ஏமாற்றமாட்டார்’ என்று ஹைதரே கேட்டதாக ஒரு கதை பிரசங்க மேடைகளில் பிரபலம். சுவார்ட்ஸின் சொந்தக் குறிப்பிலோ அழைத்தவர் கவர்னர்தான். ஹைதர் போருக்குத் தயாராவது போலத் தெரிகிறது. எங்களுக்குச் சமாதானம்தான் வேண்டும் என்று அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். உங்களுக்கு இந்துஸ்தானி தெரியும், துபாஷி தேவையில்லை. லஞ்சம் வாங்காத ஆள் என்றும் ஊருக்கே தெரியும். இதுதான் ரம்போல்டு சொன்னது.

சுவார்ட்ஸ் திகைத்துப்போனார். யோசிக்க அவகாசம் கேட்டார், ஜெபித்தார். பிறகு மூன்று காரணம் கண்டு ஒப்புக்கொண்டார். இதில் சூதுவாது எதுவும் இல்லை, ரத்தம் சிந்தாமல் தடுக்கிற வேலை என்பது முதல் காரணம். இதுவரை யாரும் போகாத இடத்தில் வேதத்தைச் சொல்லலாம் என்பது அடுத்தது. கும்பினி தனக்குப் பல உதவி செய்திருக்கிறது, நன்றி காட்ட வேண்டும் என்பது கடைசி. கூடவே ஒரு வைராக்கியம்: யார் எதைக் கொடுத்தாலும் கை நீட்டுவதில்லை.

ஜூலை முதல் தேதி தஞ்சாவூரிலிருந்து புறப்பாடு. துணைக்கு உபதேசியார் சத்தியநாதன். எல்லைக் கோட்டையான கரூரில், ஹைதரின் அனுமதிக்காக ஒரு மாதம்போலக் காத்திருக்க நேர்ந்தது. பிறகு சத்தியமங்கலம், கஜலட்டிக் கணவாய் வழியாக மேலே ஏறி, ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம். வழியெல்லாம் சாலையையும் பாலத்தையும் பார்த்து மனிதர் அசந்துபோகிறார். மழையில் எது அரித்துக்கொண்டு போனாலும் உடனே ஆள் அனுப்பிச் சரிசெய்துவிட வேண்டும் என்பது ஹைதரின் உத்தரவாம். தாமதித்தால் செலவு கூடும் என்ற கணக்கு. நம் ஊர் ஒப்பந்ததாரர்கள் யாராவது இதைப் படித்தால் நல்லது.

ஹைதரின் தர்பாரை இவ்வளவு கிட்டத்தில் பார்த்து எழுதியவர்கள் குறைவு. ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதத்தைச் சொல்லி எழுதவைப்பார். எழுதியவனையே வாசிக்கச் சொல்லிக் கேட்பார். பிறகு வேறொருவனைக் கூப்பிட்டு அதே கடிதத்தை மறுபடி வாசிக்கச் சொல்வார். ஒரு வார்த்தை மாறியிருந்தால் எழுதியவன் தலை தப்பாது. ஒரு காரியம் முடிந்த கையோடு அடுத்தது, மூச்சுவிட இடமில்லை. சாட்டையோடு 200 பேர் எப்போதும் தயாராக நிற்பார்கள். வரி வசூலில் கைவைத்தவன் பெரிய மனிதனானாலும் குதிரைக்காரனானாலும் அடி ஒன்றுதான், பெற்ற பிள்ளைகளுக்கும் விலக்கில்லை. அடி வாங்கிய பிறகும் அதே பதவிக்கு ஆள் போட்டியிட்டு வந்ததுதான் சுவார்ட்ஸுக்குப் பெரிய ஆச்சரியம். சாட்டை கொடுமைதான். ஆனாலும் ரம்போல்டின் சென்னைக் கோட்டை முற்றத்தில் நாலு பேராவது அப்படி நின்றிருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றாமல் இல்லை.

ஹைதரின் படையில் ஜெர்மன்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சுவார்ட்ஸ் ஒரு கூடாரத்தில் ஜெர்மன் மொழியில் ஆராதனை நடத்தினார். ஹைதரின் ஆட்கள் யாரும் தடுக்கவில்லை. யார் எந்த மதம் என்பது ஹைதருக்கு ஒரு பொருட்டே இல்லை என்று பாதிரியாரே எழுதியிருக்கிறார்.

தூது என்ன ஆயிற்று? ஹைதர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் பக்கத்துப் புகார்களை அடுக்கினார். ஆபத்தில் துணைக்கு வருவதாகக் கும்பினி 1769-ல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் காப்பாற்றப்படவே இல்லை. அதோடு, 1779 மார்ச்சில்தான் பிரெஞ்சுக்காரர்களின் மாஹே துறைமுகத்தை ஆங்கிலேயர் பிடித்திருந்தார்கள். ஹைதருக்கு வெளிநாட்டுச் சரக்கு வந்து சேரும் வாசல் அது. அவர்கள் சமாதானத்துக்குக் கை நீட்டினால் நானும் நீட்டுகிறேன் என்று சொல்லி ஹைதர் கடிதம் கொடுத்தனுப்பினார்.

விடைபெற்று வெளியே வந்தால் பல்லக்கில் ஒரு பணமுடிப்பு. 300 ரூபாய், வழிச்செலவுக்காம். திருப்பிக் கொண்டுபோங்கள் என்றார் சுவார்ட்ஸ். அதிகாரிகள் வெலவெலத்துப்போனார்கள். இதை நாங்கள் திருப்பிக்கொண்டு போனால் எங்கள் உயிர் இருக்காது, ஐயா. சரி, நானே போய்க் கொடுக்கிறேன் என்றார். அதுவும் முடியாது, பேட்டி முடிந்த பிறகு மறுபடி உள்ளே போகும் வழக்கமில்லை. சாட்டைக்காரர்கள் நிற்கும் முற்றத்தில் அந்த அதிகாரிகளின் பயம் வெறும் பேச்சாக இருந்திருக்க முடியாது. வேறு வழியின்றி முடிப்பைச் சென்னைக்குத் தூக்கிவந்து அப்படியே அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றது அரசாங்கம். அப்படியானால் தஞ்சாவூரில் அனாதைப் பிள்ளைகளுக்கு ஓர் ஆங்கிலப் பள்ளி தொடங்க இது முதலாக இருக்கட்டும் என்றார்.

நூறாண்டுகளுக்கும் மேலாக ஞாயிறு பள்ளிகளில் சொல்லப்படும் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். சோதனை வந்தது, ஊழியக்காரர் ஜெயித்தார்! எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. 300 ரூபாய் அவருக்கு ஒரு சோதனையே அல்ல. பத்து வராகனில் காலம் தள்ளியவருக்குப் பணத்தை மறுப்பது மூச்சு விடுவது மாதிரி. அவர் தோற்ற இடம் சென்னைக் கோட்டை.

கொஞ்சம் தேதிகளைப் பாருங்கள். சுவார்ட்ஸ் கரூரிலும் கணவாயிலும் ‘எங்களுக்குச் சமாதானமே வேண்டும்’ என்ற செய்தியைச் சுமந்துகொண்டிருந்த அதே ஆகஸ்டில், ரம்போல்டின் அரசாங்கம் கர்னல் ஹார்ப்பர் தலைமையில் ஒரு படையை அதோனிக்கு அனுப்பியது. கடப்பைப் பக்கமாக, ஹைதரின் மண் வழியாக, ஹைதரைக் கேட்காமலே. ஹைதரின் ஆட்கள் மறித்தார்கள், படை நின்றது. தன் அரண்மனையில் உட்கார்ந்து சமாதானம் பேசும் பாதிரியாரைப் பார்த்தபோது ஹைதர் என்ன நினைத்திருப்பார்? சுவார்ட்ஸ் பொய் சொல்லவில்லை. அவர் வாயில் பொய்யை வைத்து அனுப்பிவிட்டார்கள். நாணயமான ஆளைத் தேடியதே அதற்குத்தான் என்பது என் கணிப்பு.

ஹாலேயில் இவரால் தெளிவாகப் பார்க்க முடிந்தது. அங்கே கிடைக்கவிருந்தது சௌகரியம். வேண்டாமென்றால் நஷ்டம் தனக்கு. சென்னையில் கிடைத்தது கஷ்டமும் ஆபத்தும், சல்லிக்காசு ஆதாயமில்லை. தனக்கு லாபமில்லாத காரியம் என்பதாலேயே அது தேவசித்தம் என்று நம்பிவிட்டார். அவர் கண்ட மூன்று காரணங்களில் முதல் இரண்டை நான் குறை சொல்லமாட்டேன். மூன்றாவதுதான் உறுத்துகிறது. கும்பினி கொடுத்த உதவிக்கு நன்றி என்று அவர் நினைத்ததை, ரம்போல்டு அசலும் வட்டியுமாக வசூலித்துக்கொண்டார். பணப்பெட்டிகளோடு 1780 ஏப்ரலில் கப்பலும் ஏறிவிட்டார். பிற்பாடு பாராளுமன்றத்தில் அவர்மேல் தண்டனை மசோதாவே வந்தது, ஒன்றும் நடக்காமல் அது காலாவதியானது. இந்தத் தொடரின் வில்லன் யார் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஹைதர் அல்ல ஐயா, இவர்தான்.

சுவார்ட்ஸுக்குப் பிறகு கிரே என்ற அதிகாரியைப் பரிசுகளோடு ஹைதரிடம் அனுப்பினார்கள். பரிசில் ஒன்று பன்றித்தோல் சேணம். ஒரு முஸ்லிம் மன்னருக்கு! எல்லாம் திரும்பி வந்தது. 1780 ஜூலையில் ஹைதர் மலையிறங்கினார். பொள்ளிலூர் அடுத்த வாரத்துக்குத்தான். இந்த வாரம் இடமில்லை.

போர் நாள்களில் அந்தப் பெரியவரை யாரும் தொடக்கூடாது, எங்கும் போக வரவிட வேண்டும் என்று ஹைதர் தன் தளபதிகளுக்கு உத்தரவிட்டிருந்தார். ஏமாற்றியவர் அவர் அல்ல என்று புரிந்துகொண்ட ஒரே ஆள் எதிரிதான். தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம் வந்தபோது, முன்பு காசு கொடுக்காமல் ஏய்த்த அதிகாரிகளுக்குக் குடியானவர்கள் மாடும் நெல்லும் தர மறுத்தார்கள். சுவார்ட்ஸ் வாக்குக் கொடுத்ததும் ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் போனது. பைசா பாக்கியில்லாமல் கொடுத்துத் தீர்த்தார். 1783-ல் ஹைதரின் மகன் திப்புவிடம் தூது போகச் சொன்னபோதும் கிளம்பினார். திப்புவின் ஆட்கள் வழியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

1787-ல் வந்தது இன்னொரு வாய்ப்பு. மரணப் படுக்கையில் இருந்த துளஜா மன்னர், தத்தெடுத்த பத்து வயதுச் சரபோஜியைக் காட்டி, இனி இவன் உங்கள் பிள்ளை என்றார். தஞ்சாவூர் ராஜ்யமே கையில் வந்த மாதிரி. சுவார்ட்ஸ் மறுத்து, மன்னரின் தம்பி அமர்சிங்கைக் காட்டினார். அதிகாரம் என்றதும் அவருக்குச் சோதனை வாடை அடித்திருக்கிறது. ஆனால் அமர்சிங் பையனைப் படுத்திய பாட்டில், 1793-ல் அவனைச் சென்னைக்குக் கொண்டுபோய்க் காப்பாற்ற வேண்டியதாயிற்று. ஏற்றதில் ஒன்று பிசகு, மறுத்ததில் ஒன்று பிசகு. இரண்டுக்கும் அவர் ஜெபித்துத்தான் இருப்பார். அப்படியும் இவரைப்போல ஓர் ஆள் அந்த நூற்றாண்டின் தமிழ்நாட்டில் வேறு யார் என்று கேட்டால் எனக்குப் பெயர் வரவில்லை.

சுவார்ட்ஸ் 1798 பிப்ரவரி 13-ல் இறந்தார். அதே ஆண்டு சரபோஜி பட்டத்துக்கு வந்தார். தஞ்சாவூருக்குப் போகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்த்த கையோடு சிவகங்கைத் தோட்டத்துத் தேவாலயத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள். படுக்கையில் கிடக்கும் கிழவரின் கையைச் சரபோஜி பிடித்துக்கொண்டிருக்கும் பளிங்குச் சிற்பம் அங்கே இருக்கிறது. லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு அதைச் செய்வித்தவர் சரபோஜியேதான்.